சோலாருக்கு வைத்த சந்தனம்

அண்ணாச்சி,

நேற்று ஆயுத பூஜை. இன்று காலை மொட்டை மாடிக்கு ஏறினால், சோலார் கண்ணாடியின் மூலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த வாசனையோடு உங்கள் சத்தமும் வந்தது. "மொதலாளி, செத்த மேல வாங்க!" ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தத் தொண்டை மட்டும் இங்கேயே இருக்கிறது.

நமக்குள் என்ன உறவு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி வெளுக்கும் சின்னப் பட்டறைக்கு நான் முதலாளி. அதில் வேலை பார்த்த நாற்பது பேருக்கு நீங்கள் சங்கச் செயலாளர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். அந்த ஊரிலிருந்து வருகிறவர் பால்கோவா கொண்டுவர வேண்டாமா? வருஷக்கணக்கில் மனுதான் கொண்டுவந்தீர்கள். அதையும் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே நீட்டுவீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. துணி வெளுக்க வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. விறகு விலையோ ஏறிக்கொண்டே போனது. பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர்கள் என்னைவிடக் குறைந்த விலை சொல்லி ஆஸ்பத்திரி டெண்டர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு துணிச்சலில் மாடியில் சோலார் போட்டேன். வெயிலில் சூடான தண்ணீர் பாய்லருக்குள் இறங்கினால் பாதி விறகு போதும் என்றார்கள். பாதி விறகென்றால் விறகு சுமந்து போடும் எட்டுப் பெண்களில் நாலு பேர் போதும். பூஜை முடிந்ததும் மற்ற நாலு பேரை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வெயிலு ஓசியில வருது. அதுக்காக இவிய சோத்தப் பிடுங்கணுமா?" என்று கேட்டீர்கள்.

"அடுத்த டெண்டரும் போச்சுன்னா நாப்பது பேருந்தான் வீட்டுக்குப் போகணும், அண்ணாச்சி."

நீங்கள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. இதில் இன்னொரு வெட்கக்கேடு, சோலார் போட்டு இரண்டு மாதமாகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. விற்றவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜையன்று நம் பட்டறையில் அவரவர் மிஷின் பக்கத்தில் அவரவர் நிற்க வேண்டும். நான் சந்தனத் தட்டோடு போய் மிஷினுக்குப் பொட்டு வைத்து, நிற்பவர் கையில் பொரியும் புதுத்துணியும் கொடுப்பேன். வாங்கிவிட்டால் அடுத்த பூஜைவரை அவருக்கு அங்கே இடம் உண்டு. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. அந்த வருஷம் பாய்லர் பக்கத்தில் நாலு பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் எங்கே என்று பார்க்கும்போதுதான் மேலிருந்து உங்கள் கூப்பாடு வந்தது.

ஏறிப் பார்த்தால், சோலார் பக்கத்தில் நாலு பேரும் தலை நிறையப் பூவோடு வரிசையாக நிற்கிறார்கள். பேச்சியம்மாள் முன்னால். நீங்கள் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் கோயில் தர்மகர்த்தா மாதிரி கை கட்டி நின்றீர்கள்.

"இவியளுக்கும் மிஷின் இருக்கு, மொதலாளி. சந்தனத்த வையுங்க."

எனக்குக் கோபம் காது வரைக்கும் ஏறியது. நல்ல நாளும் அதுவுமாக எல்லார் முன்னாலும் மறுக்க முடியுமா? சந்தனம் தொட்ட விரலைக் கண்ணாடியில் வைத்தேன். பொட்டு ஒட்டவில்லை, விரல்தான் கறுப்பாக வந்தது. நம் புகைபோக்கிக் கரியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து கம்பளி விரித்தது போலப் படிந்திருந்தன.

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"வீட்டுக்குப் போகப் போறவகிட்ட நீங்க எங்க கேட்டிய?" என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு வெட்டுத்துணி ஒன்றை நனைத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், பொரித் தட்டு கவிழ்கிற சிரிப்பு. வயிறெரிய வேண்டிய நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மத்தியானம் சோலாரிலிருந்து இறங்கும் குழாய்த் தண்ணீரில் கை வைத்த ஒருவன் "ஆத்தாடி!" என்று அலறினான். அவ்வளவு சந்தோஷமான அலறலை நான் கேட்டதே இல்லை.

சிந்திய பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டே மாடியிலேயே பேசி முடித்தோம். நாலு பேரும் காலையில் கண்ணாடி துடைப்பது, பிறகு கீழே வந்து கட்டுத்துணி சுருட்டப் பழகுவது, கூலி குறையாது. பதிலுக்கு, வயதாகி யாராவது வேலையை விட்டு நின்றால் அந்த இடத்துக்குப் புது ஆள் கேட்பதில்லை என்று நீங்கள் இறங்கி வந்தீர்கள். அதற்காக உங்கள் சங்கத்து ஆட்களே உங்களை ஏசினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. இறங்கும்போது படியில் நின்று இதை மட்டும் சொன்னீர்கள்: "மிஷின் வாங்குங்க, வேண்டாங்கல. பூசையன்னைக்கி அது பக்கத்துல யாரு நிப்பான்னு பாத்துட்டுப் பொறவு வாங்குங்க."

அடுத்த டெண்டர் நமக்கே வந்தது. அன்றைக்குத்தான் பால்கோவாவும் வந்தது. நாற்பது பேருக்குக் கால் கிலோ! உங்கள் தாராளத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

போன வாரம் ஒரு பையன் புது மாதிரி சோலார் விற்க வந்தான். "தானே துடைச்சுக்கும் சார், ஆளே வேண்டாம்" என்றான். "பூஜைக்கு அது பக்கத்துல யாரு தம்பி நிப்பா?" என்று கேட்டேன். பாவம், விலைப் பட்டியலைப் புரட்டித் தேட ஆரம்பித்தான். வாங்கத்தான் வேண்டும், போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த பிறகு.

நேற்றும் பூஜையை மாடியிலிருந்துதான் தொடங்கினேன். பேச்சியம்மாளின் மகள் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியில் சந்தனம் வைத்தேன். விரல் சுத்தமாக வந்தது, அண்ணாச்சி.