பின் பெஞ்சுப் பெண் சொன்ன யூனிட்

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு, சிட்லபாக்கத்திலிருந்து அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் ரெண்டு பேரும் சுகம், என் முழங்கால் வலியும் வழக்கம்போல் சுகமாக இருக்கிறது. கனடா குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் நடுவிலேயே அழுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

நேற்று நீ சொன்னது ஒன்றுவிடாமல் மனசில் இருக்கிறது. காலேஜில் நீ பாடம் நடத்த ஆரம்பித்து அன்றைக்குத்தான் மூணாவது வகுப்பு, எலக்ட்ரானின் வேகத்தில் எவ்வளவு நிச்சயமின்மை என்று போர்டில் கணக்குப் போட்டாய், எடையைக் கிலோவிலும் இடத்தை மீட்டரிலும் சரியாக வைத்துவிட்டு பிளாங்க் நம்பரை மட்டும் ஜூலில் போடாமல் எலக்ட்ரான் வோல்ட்டில் போட்டுவிட்டாய், பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து யூனிட் தப்பு என்றதற்கு எனக்குத் தெரியும் உட்கார் என்று அதட்டிவிட்டாய், ரூமுக்கு வந்து பார்த்தால் அவள் சொன்னதே சரி. இனி எந்த முகத்தோடு அந்தக் கிளாசுக்குப் போவேன், வேலையே வேண்டாம் என்றாய்.

கண்ணு, உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. தாம்பரத்தில் காலேஜ் லேப் அட்டெண்டராக இருந்தேனே, தொண்ணூற்று நாலு ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோணிசாமி சார் இதே கணக்கை இதே தப்போடு போட்டார். எனக்கு எழுத்துதான் தெரியாது, காது இருக்கிறதே. செகண்டுக்கு டென் பவர் ட்வென்டிஃபோர் மீட்டர் என்று அவர் வாசித்ததும், ஓரமாக மேசை துடைத்துக்கொண்டிருந்த நான், வெளிச்சமே டென் பவர் எயிட்டுதானே சார், அதைத் தாண்டி எலக்ட்ரான் ஓடுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பசங்கள் தயாளண்ணனுக்கு டாக்டர் பட்டம் குடுங்க சார் என்று பெஞ்சைத் தட்டினார்கள், இதை எழுதும்போது உங்கம்மாவும் சிரிக்கிறாள். என் வேலை போச்சு என்றே நினைத்தேன். சார் போர்டையே பார்த்தபடி நின்றார், அழித்தார், ஜூலில் போட்டதும் டென் பவர் ஃபைவில் வந்து நின்றது. தயாளன் கவனிக்காவிட்டால் அறுபது பேரும் தப்பாகவே எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள், தேங்க்ஸ் தயாளன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நீ அப்போது அம்மா வயிற்றில் ஆறு மாசம். ஆணோ பெண்ணோ, பிசிக்ஸ் படிக்க வைப்பேன் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். சார் அன்று என்னை அதட்டி உட்கார வைத்திருந்தால் நீ இன்றைக்குப் போர்டு முன்னால் நின்றிருக்க மாட்டாய்.

சாருக்காகவும் அந்தப் பெண்ணுக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தோம், நீ மறைக்காமல் எங்களிடம் சொன்னதற்கும் ஸ்தோத்திரம். திங்கட்கிழமை போ. அதே கணக்கை முதலிலிருந்து போடு, ஒவ்வொரு நம்பர் பக்கத்திலும் யூனிட் எழுது, அவளுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்துவிடாதே, அதட்டினது தனியாகவா.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே என்கிறாள் அம்மா. கர்த்தர் உன்னோடு கிளாசுக்குள் வருவார், தைரியமாயிரு. அந்தப் பெண்ணின் பேரை நீ சொல்லவே இல்லை. தெரியாதென்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கும் சொல், நான் மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா தயாளன்