பனியில் கழற்றிய சட்டை

ஸ்ரீநகர்

அன்புத் தங்கை சாரதாமணிக்கு, நிஜாமுதீன் எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ என் போனை எடுக்கவில்லை, அதில் தப்பும் இல்லை. உன் வீட்டுக்காரன் காளிதாஸோடு ஒரே லாரியில் போனவன் நான். அவனை மண்ணில் வைக்கும்போதுகூட வர முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இன்னும் விடவில்லை. விரல்களில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், என் வீட்டுக்காரி அஃபீபா தாளில் பிரிண்ட் எடுத்து உன் கையில் கொடுப்பாள்.

அவள் நேற்றுச் சொன்னதைக் கேட்டு ஆடிப்போய்விட்டேன். காளிதாஸ் பனியில் வெறும் மேலோடு கிடந்த வீடியோவை யாரோ டிரைவர் குரூப்பில் போட்டுவிட்டார்களாம். குடித்துவிட்டுக் கிடந்தான் என்கிறார்களாம். நான்தான் அவன் ஸ்வெட்டரை உருவிக்கொண்டேன் என்றும் பேச்சாம். உன் மாமனார் அப்புசாமி ஐயா, கருமாதிக்கு ஒரம்பரை, சொந்தபந்தம் ஒருத்தரும் வேண்டாம், மானம் போனது போதும் என்று சொல்லிவிட்டாராமே. மனிதர்களுக்கு எப்படித்தான் நாக்கு வருகிறதோ.

நடந்தது இதுதான். ஆப்பிள் லோடு ஏற்றித் திரும்பும்போது பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டுவிட்டது. மலை ஏறுமுன் கீழே சமவெளியில் நாங்கள் நிரப்பியிருந்த டீசல் அந்தக் குளிருக்கு மெழுகாக உறைந்து, என்ஜின் நின்றது. காளிதாஸ் பனியை வாரித் தள்ளிவிட்டு வண்டிக்கடியில் படுத்து, துணியைக் கொளுத்தி டீசல் பைப்புக்குச் சூடு காட்டினான். முதுகெல்லாம் நனைந்துவிட்டது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "உடம்புலயே காஞ்சுரும் உடப்பா" என்றான். நம்ம ஊர் சங்ககிரி வெயிலில் அப்படித்தானே காயும்.

கேபினுக்குள் வந்ததும் பல் கிடுகிடுவென அடித்தது, பேச்சு குழறியது. பார்த்தவர்கள் குடித்திருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். ஒரு சொட்டு கிடையாது, என் பிள்ளைகள் மேல் ஆணை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தேறிவிட்டான் என்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்வெட்டரையும் சட்டையையும் அவனே கழற்றினான். கதவைத் திறந்து இறங்கிப் போனான். பிடிக்கப் பார்த்தேன், என் விரல்கள் மடங்கவில்லை, கால் எழவில்லை. பட்டாளத்துக்காரர்கள் என்னைத் தூக்கியபோது என் ஸ்வெட்டர் பட்டனும் பாதி கழன்றிருந்ததாம். நான் கழற்றியது எனக்கே தெரியாது.

டாக்டர் விளக்கினார். குளிர் ஏற ஏற, ரத்தம் கைகாலை விட்டு நெஞ்சுக்குள் ஒடுங்குமாம். உடம்பு நடுங்கி நடுங்கிச் சூடு உண்டாக்குமாம். தெம்பு தீர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும், அதுதான் ஆபத்தாம். கடைசியில் இறுகிக் கிடந்த ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்தம் தோலுக்குப் பாயும்போது உடம்பே பற்றி எரிகிற மாதிரி இருக்குமாம். புத்தியும் கலங்கிக் கிடப்பதால் துணியை அவிழ்த்துவிடுவார்களாம். பனியில் செத்த பலரை இப்படித்தான் எடுத்திருக்கிறோம் என்றார். உறைந்து சாகிறவனுக்கு வெக்கை அடிக்கும் என்று யார் கண்டது?

ஐயாவிடம் இதைப் படித்துக் காட்டு. எல்லாரையும் கூப்பிட்டுக் கருமாதி செய்யச் சொல். சந்தேகம் இருக்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும், வந்து நிற்கிறேன்.

இன்னொன்று, தங்கச்சி. போனை நீ எடுத்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், தைரியம் வராது. சட்டையைக் கழற்றும்போது அவன் என் பக்கம் பார்க்கவில்லை. "வெக்கை தாங்கல கனி, அந்த ஃபேனப் போடு சாமி" என்றான். இரண்டு தரம் சொன்னான். அவனுக்கு அது வண்டி இல்லை, உங்கள் வீடு. மகள் கனிஷ்காவிடம் வேறு யாரும் சொல்ல வேண்டாம், நீயே சொல். கருமாதி அன்றைக்குப் பிள்ளை தன் கையால் ஒரு தரம் அந்த ஃபேனைப் போடட்டும்.

உன்னையும் பிள்ளையையும் ஆண்டவன் கைவிட மாட்டான்.

உன் அண்ணன்,
நிஜாமுதீன்