ஆணியில் திரும்ப ஏறிய கையுறை

அன்புள்ள மகன் ஜெரார்டுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் இங்கே எல்லாரும் சுகம், அலாஸ்காக் குளிரில் மீன் கம்பெனியில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நம் பிள்ளைகள் ஜெயித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், என் முழங்கால் வலி அப்புறம். உன் தம்பி மகன் தியோ பெரிய லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான், அதுவும் முதல் தடவையிலேயே. அவன் தங்கை நதீன் நர்ஸ் படிப்பில் தேறிவிட்டாள், புது வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்க்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே உன் மகள் கொலெத். குறைமாதத்தில் பிறந்த குழந்தை தேறி வீட்டில் கொழுகொழுவென்று இருக்கிறது, அவள் வேலையும் போகவில்லை.

போனில் நீ பதறியதில் பாதிதான் கேட்டாய், அதனால் முழுக்க எழுதுகிறேன். குழந்தை மே மாதம் அவசரப்பட்டு வந்ததா, பாங்கோர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொலெத் அங்கேயே இருக்க வேண்டும் என்று கொட்டகை முதலாளி ரோமேயோவிடம் லீவு கேட்டாள். விதை உருளைக்கிழங்கு லாரி ஏறும் சமயத்தில் இந்த ஊரில் யாரும் லீவு கேட்பதில்லை என்று உனக்கே தெரியும். அவன் கொட்டகைக்குள் போய் ஆணியில் இருந்த அவள் கையுறையைக் கழற்றிவிட்டான். ஆணி காலியானால் ஆளும் காலி, அதுதானே அந்தக் கொட்டகை வழக்கம். நீயும் என்ன சொன்னாய், வேலைய விட்டுடாதே, குழந்தைய நர்சுங்க பாத்துக்குவாங்க என்றாய். அவள் கேட்கவில்லை, அழுதுகொண்டே பாங்கோருக்குப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கோயில் கூடத்தில் பீன்ஸ் விருந்து, பரிமாறுவது நான். ரோமேயோ தட்டை நீட்டினான், நான் கரண்டியைத் தூக்கியபடியே நின்றேன். என்னடா, மாநிலமே சம்பளம் குடுக்குற லீவாமே, ஒனக்கு மட்டும் என்ன வலிக்குது என்று கேட்டேன். அத்தே, நான் சின்ன மொதலாளி, அந்த லீவு நிதிக்கு எம் பங்கு கட்ட வேணாம்னு மாநிலமே சொல்லிருச்சு, அப்ப அந்தச் சட்டம் எனக்கில்ல, மொதல்ல பீன்ஸப் போடுங்க என்றான். கொட்டகைச் சம்பளக் கணக்கைப் பார்ப்பது அவன் பெண்டாட்டி பிரிசில் அல்லவா, அவனுக்குப் பின்னாலேயே நின்றாள். ஒங்க பங்குதாங்க வேணாம்னான், அந்தப் புள்ள கூலில புடிச்சு மாசாமாசம் நான்தானே அனுப்புறேன், அவ காசு மட்டும் இனிக்குது அவ லீவு கசக்குதா என்று கூடமே கேட்கும்படி கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் காது சிவந்து, திங்கக்கெழம ஆபீசுல கேட்டுட்டுச் சொல்றேன், போதுமா என்றான். அதற்குப் பிறகுதான் தட்டில் போட்டேன், அதுவும் அடியில் தீய்ந்ததை.

திங்கட்கிழமை அவனே மாநில அலுவலகத்துக்குப் போன் பண்ணினான். கொட்டகை சின்னதானாலும் லீவு உண்டு, திரும்பி வந்தால் அதே வேலையைக் கொடுக்க வேண்டும், லீவு கேட்டதற்காக ஆளை நிறுத்துவதுதான் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். ரோமேயோ முரடன், ஆனால் ஒளிகிறவன் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு, எனக்குத் தப்பாப் புரிஞ்சிருக்கு, இனிமே யாருக்கு வேணுமோ வாய் தொறந்து கேளுங்க என்று சொல்லி, கையுறையைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினான். அவள் திரும்பும் வரைக்கும் அது அங்கேயே தொங்கியது. அவள் இடத்தில் பிரிசிலே நின்று அழுகல் கிழங்கு பொறுக்கினாள் தெரியுமா.

போன வாரம் கொலெத் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது லீவு எடுப்பது உன் மருமகன் லூசியன் முறை. மர மில்லில் அவன் கேட்பதற்கு முன்னாலேயே, எப்ப போறே என்று முதலாளியே கேட்டாராம். குழந்தைக்கு அவன் துணி மாற்றுகிற லட்சணத்தைப் பார்க்க நீ வரவேண்டும்.

நீ ஈரக் காலுறையோடு தூங்காதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். கொலெத்துக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கையுறைக்கு மேலே குழந்தை படத்தை மாட்டியிருக்கிறாள், பக்கத்தில் அப்பா உன் படத்துக்கென்று இடம் விட்டிருக்கிறாள். என்னிடம் இருப்பதில் உனக்குத் தலை நிறைய முடி, பேத்திக்கு அடையாளம் தெரியாது. இப்போது இருக்கிறபடி புதிதாக ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா ஆல்பெர்தின்