கைநாட்டுக்கு மேலே இருந்த இடம்

மேல்கணக்கு, அக்கரப்பத்தனை
14.7.1953

அன்புள்ள மகன் கணேசமூர்த்திக்கு அப்பா வீரய்யா எழுதிக்கொள்வது. முருகன் துணையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி வடிவும் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் உன் உடம்பும் கடை வேலையும் அதேபோல் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே பதினைந்து நாளாக விடாத மழை, ஆனாலும் அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள், நான் வழக்கம்போல் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய் வருகிறேன், கையில் வலு இருக்கிறது, என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே, வேலை தெரிந்தவன் நிமிர்ந்து நிற்கலாம். வெறும் வயிற்றோடு படுக்காதே. சுந்தரலிங்கம் கிளாக்கர் ஐயா வயது முடிந்து ஓய்வில் ஊருக்குப் போய்விட்டார், தோட்டத்துத் துரை தேத்தண்ணி விருந்து வைத்து மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார். நீ தீபாவளிக்கு வந்தால் போதும், நடுவில் லீவு கேட்காதே.

அண்ணே, இதுவரை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். இனி எழுதுவது நான், வடிவு. எல்லாரும் தூங்குகிறார்கள், குப்பிலாம்பைச் சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன், அம்மா புரண்டு படுத்தால் கையாலும் மறைத்துக்கொள்கிறேன். அப்பா வேலைக்குப் போகவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால், கிளாக்கர் ஐயாவுக்கு மாலை போட்ட அதே வாரத்தில், தோட்டத்துப் புத்தகத்தில் அப்பா பேரை வெட்டிவிட்டார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் எல்லார் பேரையும் கூப்பிட்டார்களாம், அவர் பேர் வரவில்லையாம், கடைசி ஆள் மலையேறும்வரை நின்றுவிட்டு ஆபீசில் போய்க் கேட்டதற்கு, உனக்கு அறுபது முடிஞ்சிருச்சு வீரய்யா, இனி ஓய்வுதான் என்றார்களாம். முதல் பத்து நாள் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டதும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஆற்றோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆட்கள் வேலை விட்டு வரும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பிறகு நம் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. இப்போது அவர்தான் சோறாக்குகிறார், தண்ணீர் தூக்குகிறார். பக்கத்துக் காம்பரா பொன்னையா அவரையே துரையாக்கி, மாமா, இன்னைக்குப் பெரியதுரை பங்களாவில என்ன கறி என்று கேட்டால் அப்பா கதவைச் சாத்துகிறார். அம்மாதான், பேரைத்தானே வெட்டுனாங்க, கையையா வெட்டுனாங்க, நான் முப்பது வருசமா மலையிலயிருந்து வந்து அடுப்பு மூட்டுறேன், என்னை எவன் துரைன்னு கூப்பிட்டான் என்று சிரிக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் அப்பா தப்புச் சத்தம் காதில் விழாமல் தூங்கிவிட்டார். எழுந்து வெகுநேரம் பாயிலேயே இருந்தார். முதுகு வலிக்காம இப்படித் தூங்குனதே இல்ல வடிவு, நல்லாத்தான் இருக்கு, சொல்லத்தான் வெட்கமா இருக்கு, அண்ணனுக்கு எழுதிறாத என்றார். ஓய்வு கிளாக்கர் ஐயா மாதிரி ஆட்களுக்குக் கொடுப்பது, நமக்கு என்றால் ஆகாத ஆள் என்று தள்ளிவைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் முகத்தில் அப்படித் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அப்பாவுக்கு அறுபது ஆகவே இல்லை.

அப்பா, கொழுந்து அரைக்கும் ஸ்டோரைக் கட்டின வருடம் பிறந்தவர் என்று அம்மா சொல்வாள். ஸ்டோர் சுவரில் 1901 என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். அந்தக் கணக்குப்படி அப்பாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடும் பத்திரம் வந்தபோது அப்பா, வயசெல்லாம் எனக்கு எங்க தெரியும், நீயே போட்டுக்க என்று கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வயது கூடுதலாக இருந்தால் இந்த நாட்டில் கூடுதல் நாள் இருந்ததாகக் கணக்கு வரும், பிரஜாவுரிமை கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் யாரையும் கேட்காமல் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். என் மக எழுத்தைப் பாருங்க என்று அப்பா அந்தப் பத்திரத்தை ஆபீசில் பெருமையாகக் காட்டினார், அதைப் பார்த்துத்தான் அவர்கள் அந்த வயதைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். இப்போது அவர், புத்தகத்துல இருந்தா சரியாத்தான் இருக்கும், எனக்கு அறுபது ஆயிருச்சு போல என்று தலைமுடியைத் தடவிக்கொள்கிறார். உண்மையைச் சொன்னால் என் படிப்பை நிறுத்திவிடுவார், பொய் எழுதினோம் என்று பத்திரத்தையும் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் அப்பா தாளின் அடியில் கைநாட்டை வைத்துவிட்டு, ஆசீர்வாதத்தை நீயே எழுதிரு என்று படுத்துவிட்டார். மேலே இவ்வளவு இடம் வெறுமையாக இருந்தது. அவருக்குத் தெரியாததை அவர் கைநாட்டுக்கு மேலே இரண்டாம் தடவையும் எழுதி அனுப்ப என்னால் முடியாது. காலையில் அம்மா மலைக்குப் போனதும் முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். வேலையைத் திருப்பிக் கேட்பதா, இப்படியே இருப்பதா என்று அவரே சொல்லட்டும். அதன் பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பதிலை அவர் பேருக்கே எழுது, வாசித்துக் காட்ட நான் இருப்பேன்.

அப்பா சொன்ன ஆசீர்வாதம்: நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, கொசுவலை கட்டாமல் படுக்காதே.

இப்படிக்கு,
வீரய்யா (கைநாட்டு)
எழுதியது மகள் சண்முகவடிவு