பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி

ஜூலை 8, செவ்வாய்

என் லைசன்ஸின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி. அப்பாவுடையதில் இரண்டு.

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. புது வேலை கிடைத்த ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து ஷிண்டே மேடம் மெசேஜ்: கார்டின் இரண்டு பக்கமும் போட்டோ வேண்டும், சனிக்கிழமைக்குள். திங்கள் வேலையில் சேர வேண்டும்.

கார்டு வந்த அன்றே அம்மா வாங்கி சாமி படத்தின் கீழே வைத்துவிட்டாள். குங்குமம் வேறு. அதனால் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட. இன்று துடைத்து போட்டோ எடுக்கும்போதுதான் கவனித்தேன். அப்பாவுக்கு எம்.சி.டபிள்யூ.ஜி. என்று ஒரு வரி, கீழே காருக்கு ஒன்று. எனக்கு எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. அதற்குக் கீழே காலி.

போனில் தேடினேன். என் வரிக்குக் கியர் இல்லாத வண்டி என்று அர்த்தமாம்.

லேபில் கொடுப்பது எல்லாம் கியர் பைக். பின்னால் ரத்த சாம்பிள் வைக்கும் ஐஸ் பெட்டி கட்டியது.

அப்பா தூங்கிவிட்டார். முதல் ஷிப்ட். நாளை சொல்ல வேண்டும். சாதம் பாதிதான் இறங்கியது.

ஜூலை 9, புதன்

தூறல். சிலிண்டர் வரவில்லை.

லைசன்ஸ் விதிகளைப் போனில் தேடினேன், எல்லாம் இங்கிலீஷில். மெதுவாகப் படித்தேன். புரிந்தவரை:

பதினாறு வயதில் கியர் இல்லாத சின்ன வண்டி மட்டும், ஐம்பது சிசி வரை. வீட்டார் சம்மதம் வேண்டும்.
பதினெட்டில் கியர் உள்ளதும் எடுக்கலாம். (எனக்குப் பத்தொன்பது. வயது பிரச்சினை இல்லை.)
கியருக்கு எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஸ்கூட்டருக்கு எடுத்தால் பைக் கூடாது.
எதற்கு எல்.எல். (பழகுநர் லைசன்ஸ்) போட்டு, எதில் டெஸ்ட் கொடுத்தோமோ அதுதான் கார்டில் வரும்.

அப்படியென்றால் கார்டு சரி. அதில் தப்பே இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும், திருத்தித் தருவார்கள் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் அன்று அப்பாவுக்கு லீவு இல்லை. லைசன்ஸ் எடுத்துத் தரும் ஏஜென்ட் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கேட் அருகே ஒரு ஸ்கூட்டரைக் காட்டினான். எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லாரும் அதிலேயே. நானும் ஏறினேன். நான் பழகியது அப்பாவின் பைக்கில், ஞாயிற்றுக்கிழமை காலிச் சாலைகளில். ஸ்கூட்டரில் இடது கை கிளட்சைத் தேடி பிரேக்கைப் பிடித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. ஆனாலும் பாஸ். ஓட்டத் தெரியாத வண்டிக்கு லைசன்ஸ் இருக்கிறது. ஓட்டத் தெரிந்ததற்கு இல்லை.

சாயங்காலம் அப்பா. கூடவே அவர் கம்பெனி முருகேசன் மாமா, டீ குடிக்க. மாமா இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது.

"எந்தப் போலீஸ் கண்ணு கார்டத் திருப்பிப் பாக்கறான்? இருக்குதான்னுதான் பாப்பான்" என்றார் அப்பா.

"அதுவும் இந்த ஊர்ல. முகத்துல துப்பட்டாவச் சுத்திட்டுப் போனா நீ ஆணா பொண்ணான்னே தெரியாது" என்றார் மாமா. "கார்டுல கியர் இல்லேன்னா விடு. நாலாவது கியர்லயே போட்டு ஓட்டு, மாத்தவே மாத்தாத."

அம்மாகூடச் சிரித்தாள்.

"மேடம் ரெண்டு பக்கமும் கேக்கறாங்கப்பா."

"முன்பக்கத்த அனுப்பு. பின்பக்கம் எங்கன்னு கேட்டா அப்பறம் பாத்துக்கலாம்."

அப்படியும் செய்யலாம். ரொம்ப நேரம் அதையே நினைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

பெரிய மழை. செருப்பு வார் அறுந்தது.

தினமும் அப்பாவை பைக்கில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு நான் திரும்பக் கொண்டுவருவேன். இன்று சாவியைக் கையில் வாங்க முடியவில்லை. அப்பாவே ஓட்டினார், நான் பின்னால். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். வண்டி நின்றது. நானும்.

தள்ளிக்கொண்டு வந்தேன். நிக்டி சௌக் நாற்சந்தியிலிருந்து வீடுவரை, மழையில், எந்தக் கோளாறும் இல்லாத வண்டியை. வடா பாவ் வண்டிக்காரர் மராத்தியில், "பெட்ரோல் சம்பலா கா?" என்று கேட்டார். தீர்ந்துபோச்சா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். ஏஜென்ட், "ஸ்கூட்டி தானே?" என்றபோதும் இதே தலையாட்டல்தான். பள்ளிக்கூடத்திலும். ஒன்பதாவதுவரை ஊரில் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து, ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கடைசியில் போவதையே நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு கேம்ப் ஏரியாவில் ஒரு பேக்கரியில் கவுன்டரில் நின்றேன். யாராவது ஏதாவது கேட்டால் நாக்கு எழாது. ஒரு வாரம்கூட ஓடவில்லை. லேப் வேலையில் பேச்சே இல்லை. பெட்டியை வாங்கு, கையெழுத்து வாங்கு, கொண்டுபோய்க் கொடு. எனக்கென்றே செய்தது போல.

அப்பா வந்ததும் ஹேண்டிலில் தொங்கிய ஈரத் துப்பட்டாவைப் பார்த்தார்.

"வண்டி நின்னுபோச்சா?"

"இல்லப்பா. தள்ளிட்டு வந்தேன்."

"அத்தன தூரமா? எதுக்கு?"

"யாராவது குறுக்க வந்து அடிபட்டா? இன்சூரன்ஸ்காரன் கார்டத் திருப்பிப் பாப்பான்ல?"

அவர் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு, "செரி. அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடு" என்றார்.

"நீங்க பேசறீங்களாப்பா?"

"வேல எனக்கா உனக்கா?"

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டிருந்தது. பஸ்ஸில் ஏஜென்டிடம் போனேன். ஒரே கூட்டம். அவனுக்கு என்னை நினைவில்லை.

கார்டைப் பார்த்துவிட்டு, லேடீஸுக்கு எல்லாம் இதுதான் போடுவோம், சுலபமாகப் பாஸ் ஆகும், இதுவரை ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை என்றான் இந்தியில். கோபம் வந்தது. வாயில் வரவில்லை.

கியரைச் சேர்க்கலாமாம். அதற்குத் தனியாக எல்.எல். எடுத்து, ஒரு மாதம் கழித்து, கியர் வண்டியிலேயே டெஸ்ட். "கோன்சி காடி?" எந்த வண்டி என்று கேட்டு எழுதத் தயாரானான். "பைக். கியர்வாலி" என்றேன். சத்தம் சின்னதாகத்தான் வந்தது. இரண்டாவது முறை சொன்னதும் எழுதினான்.

ஒரு மாதம். திங்கள் அதற்குள் வந்துவிடும். மேடம் காத்திருப்பார்களா? வேறு ஆள் கிடைக்காமலா இருக்கும்?

ஜூலை 12, சனி

வெயில். துணி எல்லாம் மாடியில்.

மேடத்துக்கு மெசேஜ் எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். இந்தி வாக்கியத்தை இங்கே தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுகிறேன்: மேரே பாஸ் கியர் கா லைசன்ஸ் நஹீ ஹை. ஏக் மஹீனா லகேகா. என்னிடம் கியர் லைசன்ஸ் இல்லை, ஒரு மாதம் ஆகும். அவ்வளவுதான். ஓட்டத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். காடி சலானீ ஆதீ ஹை. பாத்ரூமில் சொல்லிப் பார்த்தேன். அம்மா வெளியிலிருந்து, "யாருகிட்டடி பேசற?" என்றாள்.

மதியம் போட்டோ அனுப்பினேன். முதலில் பின்பக்கம். பிறகு முன்பக்கம்.

இரண்டு நீல டிக்.

உடனே போன். மேடம்தான். யார் கூப்பிட்டாலும் அடித்து ஓயும்வரை விட்டுவிட்டு மெசேஜ் போடுவதுதான் என் வழக்கம். அப்பா கட்டிலில் படுத்தபடி அடிக்கும் என் போனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

எடுத்தேன். "மேடம்," என்றேன், "மேரே பாஸ் கியர் கா லைசன்ஸ் நஹீ ஹை."