கழுகுமலைத் தூணில் ஒரு பொட்டு

அம்மா,

பைபாஸ் ஓரத்துப் பஸ் ஸ்டாண்டில் இன்று தூண்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. கழுகுமலை பஸ்ஸுக்காக நிற்கிறேன். தங்கச்சி செல்வி வீட்டுக்குத்தான்.

இந்த ஸ்டாண்டைக் கட்டி முடித்த புதிதில் நீ ஒருநாள் காணாமல் போனாய். காலையில் போனவள் மூன்று மணியாகியும் வரவில்லை. தங்கச்சிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இரண்டாவது பிள்ளை என்பதால் கழுகுமலையிலேயே இருந்தாள், மாமியாரும் கிடையாது. "என்னை அவகிட்டக் கொண்டுபோய் விடுல" என்று நீ கேட்கும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட்டவன் நான். உன்னைத் தேடி பைபாஸில் சைக்கிள் மிதித்தபோது, எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்துப் பயந்தேன்.

நீ இங்கேதான் இருந்தாய். வெற்றிலைப் பெட்டியோடு தூண் தூணாக நடந்துகொண்டிருந்தாய்.

"எம்மா, இங்கன என்ன செய்யுத?"

"பழைய ஸ்டாண்டுன்னா வாழைப்பழக் கடைக்கு எதுத்தாப்புல நின்னா கழுகுமலை பஸ்ஸு. இங்கன எல்லாத் தூணும் ஒண்ணு போல இருக்குல்லா. எனக்கு எழுத்தா தெரியும்? எந்த பஸ்ஸு எங்கன நிக்குன்னு காலையிலேருந்து பாத்து வச்சிட்டேன்."

கழுகுமலைத் தூணில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு. கயத்தாறு தூணில் இரண்டு. "இனி உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேம்ல" என்று சிரித்தாய். பயமெல்லாம் எனக்குக் கோபமாகத் திரும்பியது. புதுத் தூணை இப்படி ஆக்கியது என் அம்மா என்று நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம் வேறு. உன்னைச் சைக்கிள் பக்கம் போகச் சொல்லிவிட்டு, துண்டை நனைத்துக் கழுகுமலைப் பொட்டை அழித்தேன். கயத்தாறு தூணில் ஒன்றை அழித்து அடுத்ததில் கை வைத்தபோது, "ஏலே, வாரியா?" என்று கூப்பிட்டாய். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் செல்விக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தபோது நான் மணியாச்சியில் வேலையில் இருந்தேன். நீ தனியாகக் கிளம்பினாய். ஒற்றைப் பொட்டு வைத்த தூணைத் தேடிப் பிடித்து, அங்கே நின்ற பஸ்ஸில் ஏறினாய். ஊரைத் தாண்டிக் கண்டக்டர் டிக்கெட் கேட்ட பிறகுதான் அது கயத்தாறு பஸ் என்று தெரிந்தது. கரிசல் காட்டு நடுவில் இறங்கி, வெயிலில் ஸ்டாண்டுக்குத் திரும்ப நடந்து, கழுகுமலை பஸ் பிடித்து நீ போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. ஆனால் வலியில் "எம்மா, எம்மா" என்று கத்தியபோது நம் ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை என்பதைச் செல்வி மறக்கவே இல்லை.

"பஸ்ஸு லேட்டாயிட்டு, ஏட்டி" என்றுதான் அவளிடம் சொன்னாய். வீட்டுக்கு வந்தபின் நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டு, ஒரே ஒரு தடவை கேட்டாய்.

"தூணைத் தொடச்சது நீயால?"

"நான் எதுக்குத் தொடைக்கேன்? ஸ்டாண்டைக் கூட்டுதவிய யாராவது தொடச்சிருப்பாவ."

"சரி" என்றாய். அதற்குப் பிறகு நீ தனியாக எங்கேயும் கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாய். அந்த "சரி"யைத்தான் நான் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

போன மாதம்கூடச் செல்வி உன் படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டே, "அன்னைக்கு மட்டும் எம்மா நேரத்துக்கு வந்திருக்கலாம்" என்றாள். நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

பஸ் வந்துவிட்டது, அம்மா. "அன்னைக்கு பஸ்ஸு லேட்டாகல, செல்வி" என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும்தான் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன்.