எந்த உத்தரவு

1974 ஏப்ரல் 28, ஞாயிறு.

காலனிக்குக் கிணறு வெட்டுவது என்ன ஆயிற்று என்று பஞ்சாயத்து பிரசிடெண்டிடம் இன்றும் கேட்டேன். “உத்தரவு வரலீங்க டீச்சர்” என்றார், எப்போதும்போல. ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமக்கும் காலனிப் பெண்களிடம், பாலக்காட்டுக் கலெக்டர் ஆபீசில்தான் தாமதம், பொறுங்கள் என்று நானும் சொல்லிவந்தேன்.

“கலெக்டரை நானே பாக்கறேன்” என்றேன்.

சிரித்துவிட்டார். “அவரு அப்பவே குடுத்துட்டாருங்க. மாரியாத்தா குடுக்கோணுமில்லீங்களா? மூணு வாட்டி கோயில்ல பூப் போட்டுக் கேட்டனுங்க, வெள்ளைப்பூ வந்தாத்தானுங்க உத்தரவு, அது வரவேயில்லீங்க.”

பொய்யில்லை. தன் தோட்டத்துக் கிணற்றுக்கும் அப்படித்தான் கேட்டாராம்.

மாலையில் காலனி ராக்கியம்மாளிடம் சொன்னேன். “அப்ப அந்த ஆத்தாளையே ரெண்டு கொடம் கொண்டாந்து ஊத்தச் சொல்லுங்க” என்றாள்.

எந்த உத்தரவு என்று முதலிலேயே கேட்டிருக்கலாம். அவர்கள் ஆத்தாளை நம்பி இருக்கவில்லை. என்னை நம்பித்தான் இந்தக் கோடை முழுவதும் பேசாமல் இருந்தார்கள்.